இருபத்தைந்து விநாடி என்னும் அளவுகோல்

1974-ஆம் ஆண்டு ‘வேர்ல்டு மெடிசின்’ என்னும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. அந்நாட்டின் மனநல மருத்துவமனை ஒன்றில் நடந்ததை ஒரு மருத்துவர் அதில் எழுதியிருந்தார். நோயாளிக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். தசைகளைத் தளர்த்தும் மருந்தையும் ஊசி மூலம் செலுத்துவார்கள். பிறகு நெற்றிப் பொட்டில் மின்வாய்களை வைத்துக் கருவியின் பொத்தானை அழுத்துவார்கள். சற்று நேரத்தில் நோயாளி கண் விழிப்பார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இப்படியே நடந்து வந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்தக் கருவியிலிருந்து மின்சாரமே வரவில்லை என்பது!

மின்னதிர்ச்சி மருத்துவத்தை எதிர்ப்பவர்கள் இந்நிகழ்ச்சியை அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. மின்சாரம் பாயாமலேயே இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டனவே, அப்படியானால் இந்த மருத்துவத்தில் என்னதான் இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே, அதற்கான விடையைப் பின்னால் பார்ப்போம். எனக்கு இந்நிகழ்ச்சி முதலில் வேறொன்றைச் சொல்கிறது. மருத்துவரும் செவிலியரும் கூடியிருந்த அறையில், நோயாளியின் மூளையில் வலிப்பு உண்டாயிற்றா என்று பார்க்க மட்டும் ஒருவரும் இல்லை. மின்னதிர்ச்சி மருத்துவத்தில் மருந்தாக வேலை செய்வது வலிப்பு. மின்சாரம் அதை உண்டாக்கும் கருவி மட்டுமே. மருந்து உள்ளே போயிற்றா என்று தெரியாமலேயே நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய கதை இது.

இன்று அப்படி நடக்க வழியில்லை என்று வாசகர்கள் எண்ணலாம். இக்காலக் கருவிகளில் மூளை அலைகளைப் பதியும் பகுதியும் சேர்ந்தே வருகிறது. சிகிச்சை முடிந்ததும் ஒரு நீண்ட தாள் வெளியே வருகிறது. அதன் ஓரத்தில் வலிப்பு இத்தனை விநாடி என்று அச்சாகியிருக்கிறது. 25-க்கு மேல் இருந்தால் நன்று, குறைந்தால் போதாது என்பது நெடுங்காலம் பாடப்புத்தகங்களில் இருந்து வந்த விதி. இந்த விதியைத்தான் நான் குறை கூற வருகிறேன். தாளே இல்லாமல் வேலை பார்ப்பது ஒரு தவறு. தாளை மதிப்பெண் பட்டியலாகப் படிப்பது அதற்கு அடுத்த தவறு. மனச்சிதைவு நோயாளியின் விஷயத்தில் இரண்டாவது தவறு இன்னும் பெரிதாகிவிடுகிறது.

உடலே சாட்சியாக இருந்த காலம்

வலிப்பை மருந்தாகப் பயன்படுத்தும் எண்ணம் ஹங்கேரியில் பிறந்தது. புடாபெஸ்ட் நகரின் லாடிஸ்லாஸ் மெடூனா, வலிப்பு நோயும் ஸ்கிஸோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோயும் ஒன்றுக்கொன்று பகை என்று கருதினார். 1934 ஜனவரியில் அசைவற்றுக் கிடந்த ஒரு மனச்சிதைவு நோயாளிக்குக் கற்பூர எண்ணெயை ஊசி வழியே செலுத்தி வலிப்பை வரவழைத்தார். பகை என்ற கருத்து பின்னர் தவறாயிற்று. வலிப்பு நோயாளிகளிடையே மனநோய் சற்று மிகுதியாகவே காணப்படுகிறது. ஆனால் நோயாளிகள் சிலர் தேறினார்கள். தவறான வாசல் வழியே நுழைந்து சரியான அறைக்கு வந்து சேர்வது அறிவியலில் புதிதல்ல.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1938 ஏப்ரலில், ரோம் நகரில் ஊகோ செர்லெட்டியும் லூச்சியோ பினியும் கற்பூரத்துக்குப் பதிலாக மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். ரயில் நிலையத்தில் நிலைகுலைந்து அலைந்துகொண்டிருந்த ஒருவரைக் காவல்துறையினர் அவர்களிடம் கொண்டுவந்து சேர்த்திருந்தனர்; அவருக்கும் மனச்சிதைவே. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் பாய்ச்சிய மின்சாரம் போதவில்லை, வலிப்பு வரவில்லை. அது அறையிலிருந்த அனைவருக்கும் அக்கணமே தெரிந்துவிட்டது. அளவைக் கூட்டினார்கள், வலிப்பு வந்தது. அதையும் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். நோயாளியின் உடலே சாட்சியாக இருந்தது.

அந்தச் சாட்சிக்கு நோயாளி கொடுத்த விலை பெரிது. தசைகள் முழு வேகத்துடன் இழுத்துக்கொள்ளும்போது முதுகெலும்பின் கண்ணிகள் நசுங்கின, பற்கள் உடைந்தன, சில வேளைகளில் தொடையெலும்பும் முறிந்தது. 1940-இல் அமெரிக்காவில் பென்னெட் என்பவர், தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பில் தடவும் குராரே நஞ்சைக் கொண்டு தசைகளைத் தளர்த்திக் காட்டினார். 1950-களின் தொடக்கத்தில் அதைவிடப் பாதுகாப்பான சக்ஸாமெத்தோனியம் வந்தது. எலும்பு முறிவு மறைந்தது. கூடவே சாட்சியும் மறைந்தது. மூளையில் புயல் அடித்தாலும் உடல் அசையாது கிடக்கும். புயல் அடிக்காவிட்டாலும் அப்படியே கிடக்கும். பிரிட்டிஷ் மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் ஒருவரும் கண்டுகொள்ளாமல் போனதற்கு இதுவே காரணம்.

இதில் ஏமாற்றும் அறிகுறி ஒன்றும் உண்டு. பொத்தானை அழுத்தியதும் நோயாளியின் தாடை இறுக மூடிக்கொள்ளும். பொட்டிலுள்ள தசைகளின் ஊடே மின்சாரம் நேரே பாய்வதால் நேர்வது அது. வலிப்பு வந்தாலும் வராவிட்டாலும் தாடை இறுகும். அனுபவமற்றவர் அதைப் பார்த்து ‘வலிப்பு வந்துவிட்டது’ என்று நினைத்துவிடலாம்.

சாட்சியை மீட்க ஓர் எளிய உபாயம் உண்டு. தசை தளர்த்தும் மருந்தைச் செலுத்துவதற்கு முன்பே, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை ஒரு கணுக்காலுக்கு மேலே கட்டி நன்றாக இறுக்கிவிட வேண்டும். மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாது. வலிப்பு வரும்போது உடல் முழுதும் அமைதியாகக் கிடக்க, அந்த ஒரு பாதம் மட்டும் துடிக்கும். சில நூறு ரூபாய்ப் பட்டையும் ஒரு கடிகாரமும் போதும். இத்தனை மலிவான ஒன்றைச் செய்யாமல் விடுவதற்கு எந்த மருத்துவமனையும் காரணம் சொல்ல முடியாது.

ஆனால் பாதம் எல்லாவற்றையும் சொல்வதில்லை. துடிப்பு அடங்கிய பின்னும் மூளையில் வலிப்பு தொடர்வதுண்டு. பெரும்பாலும் சில விநாடிகள், எப்போதாவது சில நிமிடங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள், உடலின் துடிப்பை மட்டும் பார்த்திருந்தால் நீண்ட வலிப்புகளில் பல தெரியாமலேயே போயிருக்கும் என்பதை 1999-இல் வெளியிட்டார்கள். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் நீளும் வலிப்பை மருந்து கொடுத்து நிறுத்தியாக வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள மூளையையே கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

தாளில் தெரிவது

மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிந்தவர் ஜெர்மனியின் ஜெனா நகரைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்கர். பதிந்தது 1924-இல், துணிந்து வெளியிட்டது 1929-இல். அலைகளின் உயரம் மைக்ரோவோல்ட் கணக்கில் வரும். ஒரு மைக்ரோவோல்ட் என்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அமைதியான மூளையின் அலைகள் பெரும்பாலும் நூறு மைக்ரோவோல்ட்டைத் தாண்டுவதில்லை. வலிப்பின்போது அவை பல நூறாக எழும்புகின்றன.

சிகிச்சையறையில் நெற்றியிலும் காதுக்குப் பின்புறமுள்ள எலும்பின் மீதும் சிறு மின்வாய்களை ஒட்டி இப்பதிவை எடுக்கிறார்கள். மின்சாரம் பாயும் சில விநாடிகளுக்குப் பதிவு நிறுத்தி வைக்கப்படுகிறது. இல்லாவிட்டால் எழுதுகோல் தாளைவிட்டே போய்விடும். பிறகு முதலில் தெரிவது சிறிய, வேகமான அலைகள். அடுத்து உயர்ந்த கூர்முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வரும். உடல் விறைக்கும் கட்டம் இது. பிறகு ஒவ்வொரு கூர்முனைக் கொத்தின் பின்னும் ஒரு பெரிய, மெதுவான அலை வரும். விநாடிக்கு ஏறத்தாழ மூன்று வீதம் தொடங்கி இன்னும் மெதுவாகிக்கொண்டே போகும். கை கால்கள் வெட்டி இழுக்கும் கட்டம் இது. இறுதியில், நன்றாக அமைந்த வலிப்பானால், கோடு திடீரென்று தட்டையாகிவிடும். கொட்டி முழக்கிய மேளம் சட்டென நின்றது போன்ற அமைதி.

ஆகவே இந்தத் தாளில் நான்கைந்து செய்திகள் இருக்கின்றன. அலைகள் எவ்வளவு உயர்ந்தன? தலையின் இரு பக்கமும் சேர்ந்து எழுந்தனவா? மெதுவான அலைகள் ஒழுங்காக வந்தனவா? முடிவு திடீரென்று வந்ததா, இழுபறியாக வந்ததா? அதன்பின் கோடு எவ்வளவு தட்டையாயிற்று? இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, எத்தனை விநாடி என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் 25 விநாடி விதி. ஒரு கச்சேரியைக் கேட்டுவிட்டு வந்தவரிடம் பாட்டு எப்படி என்று கேட்டால் மூன்று மணி நேரம் என்று பதில் சொல்வது போன்றதே இது.

விதி எங்கே உடைந்தது?

விதி முற்றிலும் ஆதாரமின்றிப் பிறந்ததன்று. ஸ்வீடனைச் சேர்ந்த ஒட்டாஸன் 1960-இல் வெளியிட்ட ஆய்வில் மனச்சோர்வு நோயாளிகள் சிலருக்கு லிடோகெயின் மருந்தைக் கொடுத்து வலிப்பைச் சுருக்கிப் பார்த்தார். அவர்கள் மற்றவர்களைப் போலத் தேறவில்லை. வலிப்பே மருந்து என்பது இதனால் உறுதியாயிற்று. அதிலிருந்து, வலிப்பு நீண்டால் போதும் என்று பலரும் ஒரு படி தாண்டிவிட்டார்கள். அந்தப் படியில்தான் பிழை இருந்தது.

1993-இல் அமெரிக்காவின் ஹரால்ட் சாக்கைமும் அவருடைய குழுவினரும் 96 மனச்சோர்வு நோயாளிகளை நான்கு வகையாகப் பிரித்துச் சிகிச்சை அளித்த முடிவை வெளியிட்டனர். தலையின் வலப்பக்கத்தில் மட்டும் குறைந்த மின்னளவு பெற்றவர்களில் 17 விழுக்காட்டினரே தேறினர். அதே பக்கம், கூடுதல் அளவு பெற்றவர்களில் 43 விழுக்காடு. இரு பக்கமும் பெற்றவர்களில் குறைந்த அளவுக்கு 65, கூடுதல் அளவுக்கு 63. வலப்பக்கம் குறைந்த அளவு பெற்றவர்களுக்கும் போதிய நீளமுள்ள வலிப்பு வந்தது என்பதுதான் இதில் வியப்பு. விதிப்படி பார்த்தால் அவர்கள் அனைவரும் தேர்ச்சி. நோய்ப்படி பார்த்தால் ஆறில் ஐந்து பேர் தோல்வி.

இன்னொன்றும் உண்டு. வலிப்பை உண்டாக்கத் தேவையான மிகக் குறைந்த மின்னளவைத் தொடக்க அளவு என்பார்கள். அந்த அளவை ஒட்டிக் கொடுத்தால் வலிப்பு பெரும்பாலும் நீளமாகவே வருகிறது. அதைவிட மிக அதிகமாகக் கொடுத்தால் வலிப்பு வலுவாக எழுந்து, விரைவில் முடிந்துவிடுகிறது! சிகிச்சை தொடரத் தொடரத் தொடக்க அளவும் உயர்கிறது. வலிப்பின் நீளமும் குறைகிறது. ஆகவே 40 விநாடி என்பது பலவீனமான வலிப்பாக இருக்கலாம். 22 விநாடி என்பது நல்ல வலிப்பாக இருக்கலாம். நீளம் குறைந்துவிட்டதே என்று கவலைப்பட்டு மேலும் மேலும் மின்னளவைக் கூட்டுபவர், தாம் துரத்தும் எண்ணைத் தாமே ஓட வைக்கிறார். அதற்கிடையே நோயாளிக்கு மறதியும் குழப்பமும் மிகுகின்றன. எண்ணுக்காக நோயாளி தன் நினைவாற்றலைக் கொடுக்க நேர்வது கொடுமை அன்றோ?

இதை உணர்ந்த கருவி நிறுவனங்கள், வலிப்புக்குப் பின் கோடு எவ்வளவு தட்டையாயிற்று என்பதை விழுக்காடாகக் கணக்கிட்டு அச்சிடத் தொடங்கின. நிம்ஹான்ஸில் கங்காதர் முதலியோர் கணிதத்தின் துணை கொண்டு, முதல் சிகிச்சையின் வலிப்புக்குப் பிந்திய அலைகளிலிருந்தே மனச்சோர்வு நோயாளி தேறுவதை முன்னறிய முயன்றார்கள். விநாடியை எண்ணுவதைவிட இவை நல்ல முயற்சிகள். ஆனால் ஓர் எண்ணின் இடத்தில் இன்னொரு எண்ணை உட்கார வைத்துவிட்டுத் தாளைப் பார்க்காமல் விட்டால் பயன் ஒன்றுமில்லை. நோயாளியின் நெற்றித் தசை துடித்தாலும், இதயத் துடிப்பின் மின்னலை கலந்தாலும் கருவி குழம்பி, முடிந்த வலிப்பை முடியவில்லை என்று அச்சிடுவதுண்டு. கண்ணால் பார்க்கும் மருத்துவர் அதைத் திருத்த வேண்டும்.

இரவல் வாங்கிய அளவுகோல்

இதுவரை சொன்ன ஆய்வுகளில் வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஒட்டாஸனின் நோயாளிகள், சாக்கைமின் நோயாளிகள், தட்டைக் கோட்டின் கணக்குக்கு அடிப்படையான நோயாளிகள் எல்லோரும் மனச்சோர்வு நோயாளிகள். இந்த மருத்துவம் மனச்சிதைவுக்காகவே பிறந்தது என்பதையும் மேலே பார்த்தோம். 1952-க்குப் பின் குளோர்புரோமசின் முதலிய மருந்துகள் வந்ததும் மேலைநாட்டார் மனச்சிதைவுக்கு மின்னதிர்ச்சியைப் பெரும்பாலும் கைவிட்டு, மனச்சோர்வுக்கே அதைப் பயன்படுத்தினார்கள். ஆய்வும் அந்தப் பக்கம் போயிற்று. இந்தியா உட்பட ஆசிய நாடுகளிலோ இதைப் பெறுவோரில் பெரும்பகுதியினர் மனச்சிதைவு நோயாளிகள். சட்டை ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்தது, போட்டுக்கொள்பவர் வேறொருவர்.

மனச்சிதைவு நோயாளியின் தாள் அவருடைய நோயை மட்டும் காட்டுவதில்லை. அவர் விழுங்கும் மருந்துகளையும் காட்டுகிறது. குளோசபின் வலிப்புக்கு வழி திறந்துவிடும் மருந்து; மின்சாரம் இல்லாமலேயே சிலருக்கு வலிப்பை உண்டாக்கும். அசைவற்றுக் கிடக்கும் கேட்டடோனியா நிலைக்குக் கொடுக்கும் லோரசிபாம் நேர்மாறாக வலிப்பைத் தடுக்கும். புரோபோஃபால் என்னும் மயக்க மருந்து வலிப்பைச் சுருக்கும். இத்தனையும் கலந்து வரும் 25-க்கும், இவை இல்லாதவரிடம் வரும் 25-க்கும் ஒரே பொருள் என்பது எப்படிப் பொருந்தும்?

இனி, மின்சாரம் வராத கருவியைப் பற்றிய கேள்விக்கு வருவோம். அங்கே தெரியாமல் நடந்ததைச் சில ஆய்வாளர்கள் திட்டமிட்டே செய்து பார்த்தார்கள். 1980-இல் இங்கிலாந்தில் டெய்லரும் ஃப்ளெமிஞ்சரும், 1987-இல் சண்டீகரைச் சேர்ந்த ஆபிரகாமும் குல்ஹராவும், மருந்து உட்கொண்டுவந்த மனச்சிதைவு நோயாளிகளில் ஒரு பாதிப்பேருக்கு உண்மையான சிகிச்சையும், மறு பாதிப்பேருக்கு மயக்க மருந்து மட்டும் கொண்ட போலிச் சிகிச்சையும் அளித்தார்கள். உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் விரைவாகத் தேறினார்கள். சில மாதங்களில் இரு பிரிவினரும் ஏறத்தாழச் சமமாகிவிட்டனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பிரதாப் தரியன், இங்கிலாந்தின் கிளைவ் ஆடம்ஸுடன் சேர்ந்து இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியிட்ட மதிப்பீடும் ஏறத்தாழ இதையே சொல்கிறது: விரைவான முன்னேற்றம் வேண்டும்போதும், மருந்து மட்டும் போதாதபோதும் மருந்தோடு சேர்த்து இதைக் கொடுக்கலாம், தொடக்கத்தில் கிடைத்த பயன் நீடிக்காமலும் போகலாம். குளோசபினுக்கும் அடங்காத 39 நோயாளிகளைக் கொண்டு பெட்ரைடிஸ் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னதிர்ச்சியும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப்பேர் தேறினர். குளோசபின் மட்டும் தொடர்ந்தவர்களில் ஒருவரும் தேறவில்லை. எனவே கருவியில் மின்சாரம் வராமல் போனது நோயாளிக்கு நட்டமே. எத்தனை பேருக்கு எவ்வளவு நட்டம் என்பது அந்த மருத்துவமனைக்கே தெரியாது, பதிவு இல்லை.

மின்னளவின் பங்கை மனச்சிதைவு நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்தவர் தாய்லாந்தின் வொராவட் சான்பட்டானா. 2000-இல் சாக்கைமுடன் இணைந்து அவர் வெளியிட்ட ஆய்வில் தொடக்க அளவிலும், அதன் இரு மடங்கிலும், நான்கு மடங்கிலும் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் அளவு பெற்றவர்கள் குறைந்த அளவு பெற்றவர்களைவிட விரைவில் தேறினார்கள். இறுதியில் தேறியவர்களின் விகிதம் மூன்று பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. இப்படிப்பட்ட ஆய்வுகள் ஆசியாவில் நூறாவது நடந்திருக்க வேண்டும். நோயாளிகள் நம்மிடம் இருக்கிறார்கள், கருவிகளும் இருக்கின்றன. தினமும் தாள்கள் அச்சாகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை அளந்து, நோயாளி தேறினாரா என்பதோடு ஒப்பிட்டு எழுதும் வழக்கம்தான் சில பெரிய நிறுவனங்களுக்கு வெளியே அரிதாக இருக்கிறது.

சட்டமும் தாளும்

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் 95-ஆம் பிரிவு, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்னதிர்ச்சி கொடுப்பதைத் தடை செய்கிறது. சிறுவர்களுக்குக் கொடுப்பதும் தடை; காப்பாளரின் ஒப்புதலும் மனநல ஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் இருந்தால் மட்டுமே விலக்கு. மயக்க மருந்து வல்லுநர் கிடைக்கவில்லை என்று சொல்லி விழித்த நிலையிலேயே ‘ஷாக்’ வைத்த காலத்துக்கு இச்சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. அதை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆயினும் உடலை அமைதியாக்கும் மருந்தைக் கட்டாயமாக்கிய அப்பிரிவில், அமைதியான உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் செயற்குழு, ஒரு தடத்திலாவது மூளை அலையைப் பதிய வேண்டும் என்று 1990-இலேயே பரிந்துரைத்துவிட்டது.

பிள்ளைக்கோ துணைவருக்கோ இச்சிகிச்சை வேண்டும் என்று சொல்லப்பட்டால், ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் உறவினர் சிலவற்றை மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். வலிப்பு வந்ததா என்பதை எப்படிப் பார்க்கிறீர்கள்? முதல் நாளில் தொடக்க அளவைக் கண்டறிவீர்களா? எந்தெந்த மருந்துகளை முதல் நாள் இரவு நிறுத்த வேண்டும்? தேறுகிறாரா என்பதையும் மறதி எவ்வளவு என்பதையும் வாரந்தோறும் எழுதி வைப்பீர்களா? இவற்றில் கடைசிக் கேள்வி எல்லாவற்றினும் முக்கியமானது. எத்தனை விநாடி வந்தது என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டாம்.

பல கருவிகள் அலைகளை அச்சிடுவது வெப்பத்தால் கறுக்கும் தாளில். கடைகளில் பில் அடித்துத் தரும் தாளும் அதுவே. சில ஆண்டுகளில் எழுத்தும் அலையும் சேர்ந்து வெளுத்துவிடும். நோய் மீண்டும் வந்து, முன்பு எந்த அளவில் எப்படிப்பட்ட வலிப்பு வந்தது என்று பார்க்கக் கோப்பைத் திறக்கும் மருத்துவருக்கு வெறும் தாள்தான் கிடைக்கும். அன்றைக்கே ஒரு நகல் எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டால், செலவு பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.